கழிவு போக

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது.
நான்காம் நாள் மதுரையிலிருந்து நான் வந்தேன்,
ரப்பர் செருப்பும் அளவு நாடாவும்
கம்பெனி முத்திரை குத்திய படிவங்களுமாக.

சுவரெல்லாம் ஒரே கோடு இழுத்துப் போயிருந்தது தாமிரபரணி.
மீனாட்சிபுரத்தில் என் இடுப்புக்கு,
கைலாசபுரத்தில் தோளுக்கு,
சிந்துபூந்துறையில் அண்ணாந்து பார்த்தேன்.
கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் என் வேலை.
மேலே இருப்பதைப் பற்றிப்
படிவத்தில் கேள்வி இல்லை.

கோமதிநாயகம் மண்டியில் நூற்றுப்பத்து மூட்டை,
அம்பாசமுத்திரத்து அரிசி.
ஊறிப் புளித்துத்
தெருவே இட்லிக் கொப்பரையாக மணத்தது.
"கோழித் தீவனத்துக்குக் கிலோ நாலு ரூவாய்க்குக் கேக்கான்.
அதக் கழிச்சுத்தானே போடுவீய?"
ஆமாம் அண்ணாச்சி, கழிவு போகத்தான்.

அல்வாக் கடைப் பின்கட்டில்
இருபது மூட்டை சம்பா கோதுமை.
"நாங்க ஆறு மணிநேரம் ஊறப்போடுவோம்,
ஆத்தாளும் அவ பங்குக்கு மூணு நாள் போட்டிருக்கா,
பால் பிழியதுதான் பாக்கி" என்று
தன் சிரிப்பில் தானே மாட்டிக்கொண்டு
கண்ணைத் துடைத்தார் சரக்கு மாஸ்டர் சொரிமுத்து.

ஒடிசாவிலிருந்து ஒரு லாரி பீடி இலை.
எட்டு நாள் ஓடி வந்து
புக்கிங் ஆபீஸ் கொட்டகையில் ஒரே ஒரு ராத்திரி தங்கியது.
அந்த ராத்திரி.
கட்டுக்கட்டாகக் கறுத்து, தொட்டால் வழிந்தது.
எண்ணிக்கொண்டிருந்தபோது
மேலப்பாளையத்திலிருந்து சபூரா வந்து நின்றாள்,
இடுப்பில் வெறும் முறம்.
"இல இல்லன்னா சுத்த முடியாது,
சுத்தலன்னா கூலி இல்ல.
எங்க தெருவுல நாப்பது வீடு.
அத எந்தக் கட்டத்துல எழுதுவிய, சார்?"
படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.
பின்பக்கம் விதிமுறைகள், சின்ன எழுத்தில்.

எல்லோருக்கும் நஷ்டம் என்று சொல்ல முடியாது.
டீசல் பம்ப் வாடகைக்கு விடும் ஜெபசிங்குக்கு
மணிக்கு அறுநூறு, ராப்பகலாக.
வெட்கப்பட்டுக்கொண்டுதான் வாங்கினான்.
வாங்கினான்.
நயினார்குளம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூன்று பங்கு விலை.
ஜவுளிக்கடை வாசலில்
'தண்ணீர் பட்ட துணி, எதை எடுத்தாலும் நூறு' என்று அட்டை தொங்கியதும்
சேரன்மகாதேவி பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம்
நூறை எழுபதாக்கப் பேரம் பேசியது.
சேற்றுக்கறைக்கு ஒரு விலை,
சாயம் ஓடியதற்கு ஒரு விலை.
இந்த ஊரில் நஷ்டமும்
தராசில் ஏறித்தான் இறங்குகிறது.

ஐந்தாம் நாள் சாயங்காலம்
எங்கிருந்தோ கோதுமை வந்து அடுப்பு எரிந்து
ஈரத்தரையில் வரிசை நின்றது. நானும் நின்றேன்.
இலையில் நூறு கிராம். கை சுட்டது.
அதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

கடைசியாக உலகம்மாளின் இரும்புக் கடை.
கம்பிக்கு துரு, ஐந்து சதவீதம்.
சிமெண்டு மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாகி
அவள் உட்கார்ந்திருந்ததே அதில் ஒன்றில்தான்.
மேலே கொடியில், துணிக் கிளிப் மாட்டி
பற்றுவரவு நோட்டின் தாள்கள்.
நீல மை கரைந்து
பெயரும் தொகையும் ஒரே வானமாகியிருந்தது.

"கடன் பாக்கிக்குப் பாலிசி கிடையாதும்மா."
"தெரியும். சவம், போனா போவுது."

அப்போது சைக்கிளைச் சாய்த்துவிட்டு
மணிமூர்த்தீஸ்வரத்துக் கொத்தனார் ஒருவர் வந்தார்.
காயும் தாள்களை ஒருமுறை பார்த்தார்.
"யக்கா, நமக்குப் பதினோராயிரத்து நானூறு நிக்கி.
எழுதிக்கிடுங்க."
கோதுமைப் பால் போலச் சேறு தெறிக்க
சைக்கிள் போன பிறகு சொன்னாள்:
"பதிமூணுன்னு ஞாவகம்."

புது நோட்டு. பேனா வேண்டாம் என்றாள்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டுப்
பதினோராயிரத்து நானூறு என்றே எழுதினாள்.